தனிநாயகம் அடிகளாரும் போர் தின்ற தீவகமும்

போரின் சேதத்தைக் கணக்கிடும் வழக்கமொன்று உலகில் உண்டு. மாண்டவர் எத்தனை பேர், இடம்பெயர்ந்தவர் எத்தனை பேர், இடிந்த வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பட்டியலிடுவார்கள். அந்தப் பட்டியல் அவசியமானதே. ஆனால், ஒரு சமூகம் எத்தகைய மனிதர்களை ஈன்றெடுக்கும் ஆற்றலைப் பெற்றிருந்தது, போருக்குப் பின்னர் அந்த ஆற்றலில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற கணக்கு எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஆப்கானிஸ்தானைப் பற்றிய செய்திகளை வாசிக்கும் போதெல்லாம் எமது நெஞ்சில் எழுவது இந்தக் கணக்குத்தான். அதனை எமது மண்ணில் வைத்துப் பார்ப்பதற்கு, ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்து உலகெங்கும் தமிழ்த் தூது சென்ற சேவியர் தனிநாயகம் அடிகளாரின் வாழ்வைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை என நாம் கருதுகிறோம்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி பிறந்தார். தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். தாயார் கரம்பொன்னைச் சேர்ந்தவர். பெற்றோர் இட்ட பெயர் சேவியர். பின்னாளில் அவர் சூடிக்கொண்ட தனிநாயகம் என்ற பெயரோ, முன்னொரு காலத்தில் நெடுந்தீவில் குடியேறியதாகச் சொல்லப்படும் தனிநாயக முதலி என்ற மூதாதையரின் பெயராகும். உலகம் முழுவதையும் தம் ஊராகக் கொண்ட ஒருவர், கடல் நடுவே கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு தீவின் நினைவைத் தம் பெயரிலேயே சுமந்து சென்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அவர் பிறந்த ஊரின் இயல்பையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். ஊர்காவற்றுறை பண்டைக் காலந்தொட்டே துறைமுகம். போர்த்துக்கேயர் தம் மொழியில் துறை என்று பொருள்பட வழங்கிய சொல்லே ஆங்கிலத்தில் அவ்வூரின் பெயராக இன்றும் நின்று நிலவுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் ஒரு கல்வெட்டைப் பொறித்து வைத்தான். அது தமிழில் அமைந்த கல்வெட்டு. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு மட்டுமே அரச பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கே என்பன போன்ற விதிகளை அது கூறுகிறது. சிங்கள அரசன், தமிழ் மொழி, கடல் கடந்து வந்த அந்நியருக்கான பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே கல்லில் இணைந்திருந்த இடம் எமது தீவகம். நாகபூசணி அம்மன் ஆலயமும், நாகவிகாரையும், பள்ளிவாசலும் நயினாதீவில் அருகருகே நிற்பது இந்த நீண்ட மரபின் தொடர்ச்சியே.

அந்த மண்ணில் பிறந்த சேவியர், ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பாடசாலையிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். துறவு வாழ்வை நாடிக் கொழும்பில் குருமடத்தில் சேர்ந்து, பின் உரோமாபுரி சென்று, 1938இல் குருத்துவ அபிஷேகம் பெற்றார். இலத்தீனும் இத்தாலியமும் ஏனைய ஐரோப்பிய மொழிகளும் அவருக்குக் கைவந்தன. ஆயினும் தாய்மொழியில் ஆழ்ந்த பயிற்சி அவருக்கு அப்போது இருக்கவில்லை. 1940இல் திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியை ஏற்றபோதுதான் அந்தக் குறை அவரை உறுத்தியது. முப்பது வயதை நெருங்கிய ஒரு குருவானவர், அங்கே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்கத் தொடங்கினார். கத்தோலிக்கத் துறவி ஒருவர் அந்தணப் பண்டிதர் ஒருவரின் முன் ஏடு விரித்து அமர்ந்ததை அன்றைய சமூகம் விந்தையாகக் கொள்ளவில்லை.

அதன் பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்காக ஆய்வுப் பட்டமும் பெற்றார். யப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்கா எனப் பல நாடுகளுக்குச் சென்று தமிழரின் இலக்கியத்தையும் பண்பாட்டையும் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். தமிழைப் பற்றித் தமிழர் தமக்குள்ளேயே புகழ்ந்து பேசிக்கொண்டிருப்பதால் பயனில்லை, உலகம் அறிந்த மொழிகளில் உலகுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1952இல் ஆங்கிலத்தில் தமிழ்ப் பண்பாடு என்னும் பொருள்பட்ட பெயருடன் அவர் தொடங்கிய ஆய்விதழ் அம்முடிவின் முதற் கனி. அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இணைந்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார்.

ஐரோப்பிய நூலகங்களில் தூசி படிந்து கிடந்த தமிழ் நூல்களைத் தேடிச் சென்றதும் அவரது பெரும்பணிகளில் ஒன்று. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புறோயன்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மீளப் பதிப்பித்தார். ஒரு மொழியின் செல்வம் அம்மொழி பேசுவோரின் நாட்டில் மட்டும் காக்கப்படுவதில்லை, சில வேளைகளில் அது பிறர் காத்து வைத்தமையாலேயே எமக்குக் கிடைக்கிறது என்ற பாடத்தை இச்சம்பவம் எமக்குக் கற்பிக்கிறது.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத்துறைக்குப் பேராசிரியராகச் சென்றார். 1964ஆம் ஆண்டு ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளரின் சர்வதேச மாநாடு நடைபெற்றபோது, அங்கு கூடியிருந்த தமிழறிஞர்களையும் தமிழ் கற்ற பிறநாட்டு அறிஞர்களையும் ஒன்றுகூட்டினார். அவ்வாறு உருவானதே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். வ.ஐ.சுப்பிரமணியம், பிரெஞ்சு அறிஞர் ஜான் பிலியோசா, செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலெபில் ஆகியோர் அவருக்குத் துணைநின்றனர். 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதனைத் தொடக்கி வைத்தவர் மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு முஸ்லிம் தலைவர் தமிழ் மாநாட்டைத் தொடக்கி வைக்க, கத்தோலிக்கத் துறவி ஒருவர் அதனை நடத்த, பல சமயத்தாரும் பல இனத்தாரும் ஆய்வுரை படித்தனர். தமிழ் எவருடைய தனிச்சொத்தும் அன்று என்பதை அடிகளார் செயலில் காட்டினார்.

அடுத்து 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ். நான்காவது மாநாடு 1974ஆம் ஆண்டு ஜனவரியில் அடிகளாரின் சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டுமென்ற அன்றைய அரசின் விருப்பத்தை மீறியே பேராசிரியர் சு.வித்தியானந்தன் தலைமையிலான அமைப்பாளர்கள் அதனை யாழ்ப்பாணத்தில் கூட்டினர். வீதிகள் தோறும் தோரணங்கள் தொங்கின. மக்கள் திருவிழாவென அதனைக் கொண்டாடினர். ஜனவரி 10ஆம் திகதி இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் மக்கள் வெள்ளமெனத் திரண்டிருந்தனர். திருச்சியைச் சேர்ந்த பேராசிரியர் நயினார் முகம்மது உரையாற்றிக்கொண்டிருந்த வேளையிலேயே பொலிஸார் கூட்டத்தினுள் புகுந்தனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, துப்பாக்கிகள் முழங்கின, மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. அந்த அமளியில் 9 உயிர்கள் பறிபோயின. முற்றவெளியில் நிற்கும் நினைவுத் தூண்கள் அந்த இரவின் சாட்சிகள்.

எம் தலைமுறையினர் அந்த இரவை மூத்தோர் சொல்லியே அறிந்தோம். அப்படிச் சொல்லப்பட்ட கதைகளில் ஒரு செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போவதுண்டு. அன்றைய மேடையில் நின்று தமிழமுதம் பொழிந்தவர் ஒரு முஸ்லிம் பேராசிரியர் என்பதும், அவரது தமிழில் கட்டுண்டு பல்லாயிரம் பேர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுமே அந்தச் செய்தி. பொலிஸாரின் தாக்குதல் ஒரு கூட்டத்தைக் கலைத்தது மட்டுமன்று. அந்தக் கேட்கும் மனநிலையையே கலைத்துவிட்டது. அதன் பின்னர் இளைஞர்களின் கோபம் வேறு வழியில் சென்றது. அச்சம்பவத்துக்குப் பொறுப்பாளியெனப் பலராலும் குற்றஞ்சாட்டப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975ஆம் ஆண்டு ஜூலையில் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்றம் தீர்க்க வேண்டியதைத் துப்பாக்கி தீர்க்கும் காலம் அங்கே தொடங்கியது.

மலேசியாவில் பணி முடித்துத் தாயகம் திரும்பிய அடிகளார், 1980இல் தந்தை செல்வா நினைவுப் பேருரையில் தமிழாராய்ச்சியின் கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் பற்றி விரிவாக உரைத்தார். எதிர்காலம் பற்றிய நம்பிக்கையோடு பேசிய அவர், அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி கண் மூடினார். அவர் இருந்திருந்தால் என்று கூறி வருந்துவோர் உண்டு. அவர் காணாது போனவற்றை எண்ணும்போது, அந்த மரணத்தில் ஒரு கருணையும் இருந்ததோ என்று எமக்குத் தோன்றுகிறது.

அவர் மறைந்து சரியாக ஒன்பது மாதங்கள் கழித்து, 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்டு அதிர்ந்து, பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் உயிர் நீத்தார் என்பது யாழ்ப்பாணம் மறவாத துயரம். உலக நூலகங்களிலெல்லாம் அலைந்து ஒவ்வொரு தமிழ் ஏடாகத் தேடிய தனிநாயகம் அடிகளார் அந்தத் தீயைக் காணவில்லை.

அடுத்து வந்தது அவர் பிறந்த தீவகத்தின் முறை. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதற்குப் பொறுப்பு என்று உயிர் தப்பியோர் கூறினர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பலர் வீடு திரும்பவில்லை. 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி ஊர்காவற்றுறைப் பகுதியின் அராலித்துறையில் நிகழ்ந்த வெடிப்பில் இராணுவத் தளபதி டென்சில் கொப்பேகடுவவும் உடன்சென்ற அதிகாரிகளும் மாண்டனர். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் அல்லைப்பிட்டிப் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் எறிகணை வீச்சில் பலியாயினர். காயமுற்றோரைக் காப்பாற்ற ஓடித்திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஒரு வாரம் கழித்துக் காணாமற்போனார். தீவகம் ஈன்ற துறவி ஒருவருக்கு உலகம் மேடை அமைத்துக் கொடுத்தது. தீவக மக்களுக்காக நின்ற துறவி ஒருவருக்கோ கல்லறை கூட இல்லாது போயிற்று.

இத்துடன் நிறுத்திக்கொள்வது எளிது. எமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது மனதுக்கு இதமானது. ஆனால், அடிகளாரின் பெயரைச் சொல்லும் தகுதி வேண்டுமாயின், எம்மவரால் இழைக்கப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் அதிகமானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து 70,000க்கும் அதிகமான மக்கள் ஏறத்தாழ வெறுங்கையுடன் புறப்பட்டனர். அவர்கள் பேசிய மொழி தமிழ். அவர்களை விரட்டிய கட்டளையின் மொழியும் தமிழ். அறிஞர் ஏ.எம்.ஏ.அஸீஸ் பிறந்து வளர்ந்து, யாழ் இந்துக் கல்லூரியில் கற்று, பின் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக உயர்ந்து தமிழுக்கும் சமூகத்துக்கும் தொண்டாற்றிய வரலாற்றுக்குத் தாயகமான அந்தச் சோனகத்தெரு ஒரு பொழுதில் வெறுமையாயிற்று. தீவக வீதியில் மண்கும்பான் பள்ளிவாசலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செல்வதற்கு முஸ்லிம் ஒருவர்கூட எஞ்சவில்லை.

நயினார் முகம்மதுவின் தமிழைக் கேட்டு மெய்மறந்த ஒரு நகரம், பதினாறு ஆண்டுகளில் தன் முஸ்லிம் அயலவர் மூட்டை முடிச்சுகளுடன் செல்வதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைக்கு எவ்வாறு வந்தது? பலருக்கு அதில் உடன்பாடில்லை என்பதை நாம் அறிவோம். கண்ணீர் விட்டோரும் உண்டு. ஆனால், மறுத்துப் பேச இயலவில்லை. போரும் பயங்கரவாதமும் ஒரு சமூகத்துக்குச் செய்யும் ஆகப்பெரிய தீங்கு இதுவே. முதலில் அவை பகைவனைக் கொல்கின்றன. பின்னர் தம்மவரின் வாயைக் கட்டுகின்றன. இறுதியில் மனச்சாட்சியையே பழக்கப்படுத்திவிடுகின்றன.

அடிகளார் இறப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், 1979ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுள் நுழைந்தன. அந்நாட்டின் கதையும் எமது கதையும் அவ்வாறு ஏறக்குறைய ஒரே காலத்தில் இருளில் இறங்கின. பத்தாண்டுகளில் 60 இலட்சத்துக்கும் அதிகமானோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். அந்நியப் படைகள் வெளியேறிய பின் உள்நாட்டுக் குழுக்கள் தலைநகர் காபூலைச் சிதைத்தன. அங்கிருந்த தேசிய அருங்காட்சியகம் எறிகணைக்கும் கொள்ளைக்கும் இரையாயிற்று. 2001ஆம் ஆண்டு மார்ச்சில் பாமியானின் புத்தர் சிலைகளைத் தலிபான்கள் தகர்த்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய அமெரிக்கப் போர், 20 ஆண்டுகள் நீடித்து, 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் தலிபான்கள் மீண்டும் காபூலைக் கைப்பற்றியதுடன் முடிந்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமியர் பள்ளி செல்ல அவர்கள் தடை விதித்தனர்.

இந்த ஆப்கானிஸ்தானின் கஸ்னி நகரில்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி வாழ்ந்தார். முஸ்லிம் அறிஞரான அவர், சமஸ்கிருதம் கற்று, இந்தியரின் நூல்களை அவர்தம் மொழியிலேயே பயின்று, இந்தியாவைப் பற்றிய பெருநூலை அரபு மொழியில் எழுதினார். தம் மன்னன் படையெடுத்த நாட்டை அவர் பகைநாடாக அன்றிப் பாடநூலாகப் பார்த்தார். அயலானின் மொழியைக் கற்று அவனை அவன் சொல்லாலேயே அறிய முயல்வதில், கஸ்னியின் அல்பிரூனியும் கரம்பொன்னின் தனிநாயகமும் ஒரே குலத்தவர். அத்தகையோரை ஈன்ற மண்கள் இரண்டும் பின்னாளில் அகதிகளையும் கண்ணிவெடிகளையும் கொண்டு அறியப்பட்டன என்பது வரலாற்றின் கொடுமை. ஆனால், அந்த மண்கள் இயல்பிலேயே வன்முறைக்குரியவை என்று கூறுவோரின் கூற்று பொய் என்பதற்கும் அவ்விருவரின் வாழ்வுகளே சான்று.

பயங்கரவாதத்தின் கரம் ஒரு நாட்டோடு நிற்பதில்லை என்பதையும் நாம் அனுபவத்தில் அறிந்தோம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரில் தமிழ்க் கத்தோலிக்கர் பலர். அதனைச் செய்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க ஒரு கும்பல். ஆயினும் அதன் பின்னர் சந்தேகத்துக்கும் தாக்குதலுக்கும் இலக்கானவர்கள் அப்பாவி முஸ்லிம் மக்கள். ஒரு காலத்தில் தமிழ்ப் பெயரைக் கேட்டதும் சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்தப்பட்டோரின் வேதனையை அறிந்த நாம், அதே வேதனையை முஸ்லிம் பெயருக்கு நேர அனுமதிக்கலாமா? சிலர் செய்த குற்றத்துக்குச் சமூகத்தையே கூண்டில் ஏற்றும் வழக்கத்தால் நாமும் அவர்களும் மாறி மாறிப் பாதிக்கப்பட்டவர்கள். அதனைக் கண்டிக்கும் முதற்கடமை எமக்கே உண்டு.

2009இல் போர் ஓய்ந்தது. இன்று பண்ணைப் பாலத்தைக் கடந்து செல்வோர் அல்லைப்பிட்டியின் தேவாலயத்தையும் மண்கும்பானின் பள்ளிவாசலையும் கடந்தே கரம்பொன்னை அடைகின்றனர். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் யாத்திரிகர் வருகின்றனர். ஆனால், வழிநெடுகக் கூரையிழந்த வீடுகளும் வேலி மறைந்த வளவுகளும் கிடக்கின்றன. அவற்றுக்கு உரியோர் பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். யாழ்ப்பாண முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்துள்ளனர். பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர். திரும்ப விரும்பியோர் காணியும் வீடும் இன்றி அலைந்ததையும், அவர்களுக்கு அரச அலுவலகங்களின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை என்பதையும் அவர்களே பலமுறை எடுத்துரைத்துள்ளனர்.

அடிகளாருக்குச் சிலை எடுப்பதும் விழா எடுப்பதும் நன்றே. ஆனால், அவரை மெய்யாக மதிப்பது எவ்வாறு? சங்கச் சான்றோர் கணியன் பூங்குன்றனாரின் உலக நோக்கைத் தமிழரின் அடையாளமாக உலக அரங்குகளில் எடுத்துரைத்தவர் அவர். அந்த நோக்கை மேடையில் முழங்கிவிட்டு, எம்மோடு ஒரே மொழி பேசும் அயலவர் தம் சொந்த வளவுக்குத் திரும்பி வருவதைப் பாராமுகமாக நோக்குவோமாயின், அடிகளாரை நாம் வெறும் படமாக மாட்டி வைத்திருக்கிறோம் என்பதே பொருள். காணாமற்போன தம் பிள்ளைகளுக்காக நீதி கேட்கும் தீவகத் தாய்மாரின் குரலும், இரண்டு மணித்தியாலத்தில் ஊரை இழந்த முஸ்லிம் மக்களின் குரலும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒன்றை ஏற்போர் மற்றதை மறுப்பாராயின், அவர் கேட்பது நீதியன்று, வெற்றி மட்டுமே.

வடக்கன்குளத்தில் முப்பது வயதை நெருங்கிய நிலையில் மீண்டும் மாணவராகி அமர்ந்த அந்தத் துறவியின் அடக்கம் இன்று எம் எல்லோருக்கும் வேண்டும். எமது பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகள் அஸீஸின் வரலாற்றையும், முஸ்லிம் பிள்ளைகள் தனிநாயகத்தின் வரலாற்றையும் சேர்ந்து கற்கும் நாள் வரட்டும். இரு சமூகத்தவரும் தத்தம் பக்கம் இழைக்கப்பட்ட தவறை முதலில் தாமே சொல்லும் நாள் வரட்டும். அந்நிய வணிகனின் உடைந்த கலத்துக்கும் நியாயம் வகுத்த கல்வெட்டு நிற்கும் மண் அது. அந்த மண்ணில், ஊரை இழந்த அயலவனுக்கு நியாயம் வழங்க எம்மால் முடியாதெனில், அடிகளாரின் பெயரைச் சொல்லப் பின்னர் எமக்கு என்ன உரிமை இருக்கும்?